மரமே இல்லாத மரவீடு

ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி கேளிக்கைப் பூங்காவான மேஜிக் கிங்டமில் எங்கள் கூட்டம் முழுக்க ரைடு வரிசையில் நிற்க, நான் மட்டும் சுவிஸ் ஃபேமிலி ட்ரீஹவுஸ் ஏறினேன். 1971-ல் பூங்கா திறந்தபோதே வந்தது. கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய குடும்பம் கட்டிய வீடு என்பது கதை. அடிமரம் கான்கிரீட், இலையெல்லாம் பிளாஸ்டிக். கிளையில் தொங்கும் பாசி மட்டும் நிஜமாம்!

எனக்குப் பிடித்தது அந்த நீர்ச்சக்கரம். மூங்கில் குவளைகள் தண்ணீரை மொண்டு மேலே கொண்டுபோக, அது மூங்கில் குழாய்களில் வழிந்து இறங்குகிறது. மோட்டார் எங்கேயோ ஒளிந்திருக்கும், சரி, இருக்கட்டும். பத்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டேன். சமையலறை, நூலகம், படுக்கையறை எல்லாம் வெளியே நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. அப்புறம், முழுக்கப் படிதான். முழங்கால் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது.