மூன்றுக்கு ஒன்று

ஜூன் 11, 2016, சனி

நேற்றிரவு கடைசி இரண்டு நிமிடங்களைப் பார்க்காமலே தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். என்.பி.ஏ. கூடைப்பந்தின் ஏழு ஆட்ட இறுதித் தொடரில் நான்காவது ஆட்டம் 108–97. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் மூன்று, நம் கிளீவ்லாண்டு கேவலியர்ஸ் ஒன்று. லீக் ஆட்டங்களில் 73 வென்று ஒன்பதே ஒன்பது தோற்ற அணியை இனித் தொடர்ந்து மூன்று முறை வெல்ல வேண்டும். அதில் இரண்டு அவர்கள் ஊரான ஓக்லாண்டில். இறுதித் தொடரில் 3–1 என்று பின்தங்கிய அணிகள் இதுவரை 32. மீண்டு வந்தது ஒன்றுகூட இல்லை.

ஊரில் உறவினர்களிடம் கிளீவ்லாண்டு என்றால், தியாகராஜர் ஆராதனை நடக்கிற இடமா என்று கேட்பார்கள். இங்கேயே குடியிருக்கும் எனக்கு இது தோற்றுப் பழகிய ஊர். கடைசியாக இந்த ஊரின் பெரிய அணி ஒன்று பட்டம் வென்றது 1964 டிசம்பரில், அமெரிக்கக் கால்பந்தில்: பிரவுன்ஸ் 27, பால்டிமோர் 0. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அப்போது பத்தொன்பது வயதாம்.

காலையில் வேலியோரம் அவரைப் பார்த்து, "முடிந்துவிட்டது" என்றேன். அவர் பதில் சொல்லாமல் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 14, செவ்வாய்

112–97! நம் லெப்ரான் ஜேம்ஸ் 41 புள்ளி, கைரி அர்விங் 41. இறுதித் தொடரில் ஒரே அணியின் இருவர் ஒரே ஆட்டத்தில் 40 புள்ளிகளைத் தாண்டுவது இதுவே முதல் முறை.

வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீனுக்கு ஓர் ஆட்டத் தடை இருந்ததால்தான் வென்றோம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். பாதி உண்மை. ஆனால் 24 முறை எறிந்து 17 முறை வளையத்துக்குள் போட்ட கைரியைக் கிரீன் மட்டும் வந்து என்ன செய்திருப்பார்? இருந்தாலும் நான் நம்பிக்கை வைப்பதாக இல்லை. போன ஆண்டு இதே வாரியர்ஸுக்கு எதிராக, முதல் ஆட்டத்திலேயே முழங்கால் சில்லு உடைந்து நொண்டிக்கொண்டு போன கைரி இன்னும் கண்ணில் நிற்கிறார்.

ஜூன் 17, வெள்ளி

115–101. லெப்ரான் மறுபடியும் 41. ஆறாவது ஃபவுல் வாங்கிய வாரியர்ஸின் ஸ்டெஃப் கரி பற்காப்பைக் கழற்றி வீசினார்; நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். பயம் அவர்கள் பக்கமும் போய்விட்டது. மூன்றுக்கு மூன்று. எனக்கு வயிறு சரியில்லை.

ஜூன் 20, திங்கள்

93–89.

எழுதிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூக்கம் இல்லை.

இடைவேளையில் 49–42 என்று பின்தங்கியிருந்தோம். கடைசிக் கால் பகுதியில் 89–89 ஆனபோது கடிகாரத்தில் 4 நிமிடம் 39 விநாடி. அதன்பிறகு ஏறக்குறைய நான்கு நிமிடங்களுக்கு இரு பக்கமும் ஒரு புள்ளிகூட விழவில்லை. மழையாய்ப் பொழிகிற வாரியர்ஸே வறண்டுபோனார்கள். எறிந்ததெல்லாம் வளையத்தில் பட்டுத் தெறித்தது. எல்லோருக்கும் கால் கனத்திருந்தது.

பிறகு அந்த ஓட்டம். வாரியர்ஸின் இகுவோடாலா பந்தோடு வளையத்தை நெருங்கிவிட்டார். குறுக்கே நம் ஜே.ஆர். ஸ்மித் போக, அவரைத் தவிர்க்கப் பந்தைத் தாழ்த்தி மறுபடி உயர்த்தினார். அந்த அரை விநாடி போதுமானதாக இருந்தது. பின்னாலிருந்து பாய்ந்து வந்த லெப்ரான் பந்தைப் பலகையோடு சேர்த்து அறைந்தார். இனிப் படங்களிலெல்லாம் லெப்ரானின் கைதான் இருக்கும். ஸ்மித்தை நான் மறக்க மாட்டேன்.

53 விநாடி மீதம். கரியை எதிரே நிறுத்தி வைத்து, வலப்பக்கத்திலிருந்து கைரி எறிந்தார். மூன்று புள்ளி. என் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. இதுவரை ஒரு முழு ஆட்டம் பார்த்தறியாத என் மனைவிதான் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினாள்.

அடுத்துக் கரியிடம் தனியாக மாட்டியவர் நம் கெவின் லவ். தடுக்கத் தெரியாதவர் என்று தொடர் முழுக்க ஏச்சு வாங்கியவர். ஏசியவர்களில் நானும் ஒருவன். கரி இடம் வலமாகப் பந்தைத் தட்டி ஏய்க்கப் பார்க்கிறார், இந்த மனிதர் நண்டு போல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கூடவே நிற்கிறார். கடைசியில் கரி எறிந்தது உள்ளே போகவில்லை. லவ், மன்னித்துவிடுங்கள்.

மணி அடித்ததும் லெப்ரான் தரையில் குப்புற விழுந்து அழுதார். 2010இல் அவர் நம்மை விட்டு மயாமி அணிக்குப் போனபோது அவர் பெயர் பொறித்த சட்டைகளைத் தெருவில் போட்டு எரித்த ஊர் இது. இன்று அதே தெருக்களில் கார் ஹாரன்கள் இரண்டு மணி வரை ஓயவில்லை.

ஜூன் 22, புதன்

ஊர்வலத்துக்குப் போனேன். பதின்மூன்று லட்சம் பேர் இருக்கும் என்கிறார்கள். ஊரின் மக்கள்தொகை நான்கு லட்சம்கூட இல்லை! ஒரு கார் நிறுத்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து எட்டிப்பார்த்ததில், சட்டையில்லாமல் நின்ற ஜே.ஆர். ஸ்மித்தின் முதுகு தெரிந்தது. எனக்கு அது போதும்.

மாலையில் வேலியோரம் பெரியவர் நின்றிருந்தார். அன்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், நீங்கள்தான் நம்பிக்கை வைத்து மௌனமாக இருந்தீர்கள் என்றேன்.

"நம்பிக்கையா?" என்றார் தண்ணீர்க் குழாயை மூடிக்கொண்டே. "அந்த நான்காவது ஆட்டத்தை நான் மூன்றாம் கால் பகுதியிலேயே அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். யார் வென்றது என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது."