அடுக்களைத் திரை: சிவப்பு எழுத்து ஒருவழியாகத் தெளிந்தது

கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து இனி பிசிறவில்லை! சமையலறைக் கணினிக்கும் டிவிக்கும் சேர்த்து ஒரே திரை என்று ஆரம்பித்த வேலையில் என்னை அதிகம் படுத்தியது அதுதான்.

டிவியா மானிட்டரா என்ற பழைய சண்டையை நீட்டப்போவதில்லை. மானிட்டரில் எழுத்து பளிச்சென்று இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேனல் பிடிக்கும் ட்யூனர் கிடையாது, பெரும்பாலானவற்றில் சிஇசி-யும் (ஹெச்டிஎம்ஐ கம்பி வழியாகவே ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் வசதி) கிடையாது. எனக்கோ ஈரக்கையோடு ஒரு பொத்தானை அமுக்கினால் திரையும் கணினியும் சேர்ந்து விழிக்க வேண்டும். தொடுதிரை வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே அது தன்னிஷ்டத்துக்கு ஆட ஆரம்பிக்கும்.

மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே 48 செ.மீ. 32 இஞ்ச் என்றால் திரை மட்டுமே 40 செ.மீ. உயரம், 71 அகலம். நுழையும், ஆனால் பின்னால் துடைக்கக் கை போகாது. அட்டையில் 53-க்கு 30 வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டு 24 இஞ்சை முடிவு செய்தேன். இந்த அளவு டிவிகளில் பல 1366×768 பேனல்தான். 1080 சிக்னலை வாங்கி உள்ளே சுருக்கிக் காட்டும். சினிமாவுக்குப் போதும், எழுத்துக்கு ஆகவே ஆகாது. முழு 1920×1080, அதிலும் பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைப் பேனல், தேடி எடுத்தேன். சமையலறையில் யார் திரைக்கு நேராக நிற்கிறார்கள்? விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும்தான், பக்கவாட்டில் பார்த்தால் வெளிறிவிடுகிறதே.

இனி அந்தப் பிசிறு. முதலில் ஓவர்ஸ்கேனை (படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும் அமைப்பு) அணைத்தேன். ஓரம் வெட்டுப்படுவது நின்றது. ஷார்ப்னஸைக் குறைத்தேன், எழுத்தைச் சுற்றியிருந்த வெள்ளைக் கோடு போயிற்று. (எல்லா டிவியிலும் பூஜ்யம்தான் நடுநிலை என்று நினைக்காதீர்கள், சிலவற்றில் பாதி அளவு.) கறுப்பு எழுத்து தெளிந்துவிட்டது, சிவப்பு மட்டும் அப்படியே. அதற்குக் காரணம் குரோமா, அதாவது சிக்னலில் வரும் நிறத் தகவல். 4:2:0 என்ற முறையில் ஒளி அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக இருக்கும், நிறமோ நான்கு பிக்சலுக்கு ஒன்று. ஸ்ட்ரீமிங்கும் ப்ளூ-ரேயும் ஏற்கெனவே 4:2:0 என்பதால் படம் பார்க்கும்போது கண்டுபிடிக்கவே முடியாது. கணினியில் 4:4:4 (நிறமும் பிக்சலுக்கு ஒன்று) என்று வைத்தும் பிரயோசனமில்லை, டிவி உள்ளே நிறத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தது.

வழி கிடைத்த இடம்தான் வேடிக்கை: உள்ளீட்டின் பெயர். அந்த ஹெச்டிஎம்ஐ துளைக்கு 'பிசி' என்று பெயர் மாற்றியதும் டிவி 4:4:4-ஐ அப்படியே காட்டியது. பெயர்ப்பட்டியலில் 'கேம்' என்று வைத்தால் நடக்காது, 'பிசி'தான். அதுவும் என் டிவியில் முதல் துளையில் மட்டும். இதை விவரத்தாளில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? விற்பவரிடம் கேட்டால் 4கே பற்றிப் பேசுகிறார். கடைக்கு மடிக்கணினியை எடுத்துப்போய்ச் சிவப்பு எழுத்தைப் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி.

கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் ஆர்ஜிபி வரம்பையும், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரைக்குமான எண் எல்லையையும், பாருங்கள். கணினி, டிவி இரண்டில் ஒரு முனை 0–255, மறுமுனை 16–235 என்றால் சரிப்படாது.

மாட்டும் வேலை இன்னும் பாக்கி. பின்னால் 75 மி.மீ. வெசா துளைகள் (சுவர் மாட்டிக்கான பொது அளவுத் துளைகள்), எம்4 திருகு. துளைகளோடு ஹெச்டிஎம்ஐ வாயும் நேராகச் சுவரைப் பார்த்து இருப்பதால் எல்-வடிவ அடாப்டர் இல்லாமல் சுவரோடு ஒட்டாது. அது இடப்பக்கம் வளைவதா வலப்பக்கமா என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, இரண்டையும் வாங்கிவிட்டேன். ஆடும் கை போடலாமா என்ற ஆசையும் இருக்கிறது, ஆனால் இழுத்தால் அடுப்புப் பக்கம் வந்துவிடும்.

புகைபோக்கி விசிறி ஓடும்போது டிவி ஸ்பீக்கர் கேட்கவில்லை. சவுண்ட்பார் போடலாம் என்று பார்த்தால் ஏஆர்சி (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ வழியாகவே வெளியே அனுப்பும் வசதி) இருப்பதும் கணினி மாட்டியிருக்கும் அதே முதல் துளையில்தான். அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆப்டிகல் கம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.