மருதியின் இரண்டாம் பனிக்காலம்: பாப்கேட்டை மரமேற்றப் பழக்கும் அனுபவம்

மருதி, ட்ரீயிங் வாக்கர் கூன்ஹவுண்டு இனத்துப் பெண் நாய். இங்கிலாந்து நரிவேட்டை நாய்களின் வழிவந்து, அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டில் உருவான மரபு இது. அமெரிக்காவின் நாயினப் பதிவு அமைப்பான யுனைடெட் கென்னல் கிளப் 1945இல் இதனைத் தனி இனமாக ஏற்றுப் பதிவு செய்தது. நம் ஊர்ச் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பவை. மருதியின் இனமோ விலங்கைக் காணாமலேயே, அது நடந்துபோன தடத்தை மோப்பத்தால் மட்டும் தொடர்ந்து, மரத்தில் ஏற்றிவிட்டு, ஆள் வந்து சேரும்வரை அடியிலேயே நின்று குரைக்கும். மரமேறும் சிறு காட்டு விலங்கான ரக்கூனின் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இந்த இனத்தை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதிக் காடுகளில் பாப்கேட் என்னும் குட்டைவால் காட்டுப்பூனைக்குப் பழக்கி வருகிறேன். நான் சுடுவதில்லை, பூனையை மரத்தில் கண்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு என் வேட்டை முடிகிறது. ஆனாலும் வேட்டை விதிகள் எனக்கும் பொருந்தும்.

அடிப்படைப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குட்டியாக இருந்தபோது ரக்கூன் தோலைக் கயிற்றில் கட்டிப் புல்வெளியில் இழுத்துச் சென்று ஒரு கிளையில் தொங்கவிட்டு, அவளை அவிழ்த்துவிடுவேன். தோலுக்கு அடியில் நின்று தலையைத் தூக்கிக் குரைத்தால் தட்டிக்கொடுப்பேன். அந்த இலையுதிர் காலத்திலேயே சோளக்கொல்லைகளை ஒட்டிய ஓடைக்கரைகளில் உண்மையான ரக்கூன்களை மரமேற்றத் தொடங்கிவிட்டாள். மரத்தைப் பார்த்துக் குரைப்பது இந்த நாய்களின் இரத்தத்தில் இருக்கிறது.

கடினமான பகுதி மானில் தொடங்கியது. இங்கே பாப்கேட் பெரும்பாலும் வெண்செடார் மரங்கள் அடர்ந்த சதுப்பு நிலங்களில்தான் திரிகிறது. அதன் முக்கிய இரையான பனிமுயல் அங்கேதான் இருக்கிறது. கடும் பனி விழுந்துவிட்டால் காற்றுக்கு ஒதுங்கவும், செடார் இலையைத் தின்னவும் மான்களும் அதே சதுப்புக்குள் வந்து கூடிவிடும். ஆகவே பூனையின் மெல்லிய வாசனையைத் தொடரும் நாய், அதைவிடப் பலமடங்கு வலுவான மான் வாசனையைக் குறுக்கே கடந்துகொண்டே போகவேண்டும். பனியில் உடல் வற்றிக் கிடக்கும் மானை நாய் துரத்துவது கொடுமை. நாயை வைத்து மான் வேட்டையாடுவது மிச்சிகனில் சட்டவிரோதமும்கூட. மருதியை நீண்ட கயிற்றில் பிடித்து மான்கள் கூடும் இடங்களின் வழியே நடத்தி, மூக்கைத் தாழ்த்தி இழுக்கும்போதெல்லாம் ‘வேண்டாம்’ என்று அதட்டிப் பழக்கினேன். அவிழ்த்துவிட்ட பிறகு, தொலைவிலிருந்து இயக்கும் கழுத்துப்பட்டையின் அதிர்வு அந்தச் சொல்லின் இடத்தை எடுத்துக்கொண்டது. இதில் நான் விடாமல் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு: அவள் மான் தடத்தில்தான் போகிறாள் என்பதைப் பனியில் என் கண்ணால் பார்த்தால் ஒழிய, பொத்தானைத் தொடுவதில்லை. ஊகித்துத் திருத்தினால், பூனைத் தடத்தில் சரியாகப் போய்க்கொண்டிருக்கும் நாய் தண்டனை பெறும். அதற்குப் பிறகு அது பூனை வாசனையைக் கண்டாலே ஒதுங்கிப்போகும்.

தடத்தைப் படிப்பது ஆளின் வேலை. இரவில் பனி பெய்து விடியுமுன் நின்றுவிட்ட காலைகளில் காட்டுப்பாதைகளில் மெதுவாக வண்டியோட்டித் தேடுவேன். பாப்கேட்டின் சுவடு வட்டமாக, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அகலத்தில், நகம் பதியாமல் இருக்கும். உள்ளங்கால் மேட்டின் முன்விளிம்பில் இரண்டு மடிப்பும் பின்விளிம்பில் மூன்று மடிப்பும் தெரியும். ஓநாயைவிடச் சிறிய நாயின விலங்கான கயோட்டியின் சுவடு நீண்டு, நகக்குறியோடு இருக்கும். ஐயமிருந்தால் நாயை இறக்கமாட்டேன்.

இறக்கிய பிறகுதான் பாப்கேட்டின் திறமை வெளிப்படும். ரக்கூனோ, நெருக்கிவிட்டால் அகப்பட்ட மரத்தில் ஏறிவிடும். பாப்கேட் அப்படி அல்ல. விழுந்த மரத்தின் மேலேறி நடக்கும், முயல் மிதித்த தடத்திலேயே தன் அடியையும் வைக்கும், சிறு வட்டத்துக்குள் திரும்பத் திரும்பச் சுற்றும், புதருக்குள் பதுங்கி நாயைத் தன்னைத் தாண்டிப் போகவிட்டுப் பின்பக்கமாக நழுவும். ஜி.பி.எஸ். திரையில் நாயின் ஓட்டம் சிக்கிக்கொண்ட நூற்கண்டுபோலத் தெரியும். தடம் அறுந்த இடத்தில் நாய் என்ன செய்கிறது என்பதே பாப்கேட் நாயின் தரத்தை முடிவு செய்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேகமும் குரலும் அதற்குப் பிறகுதான்.

சென்ற பனிக்காலத்தில் தடம் அறுந்தவுடன் மருதி என்னிடம் ஓடிவந்து முகத்தைப் பார்ப்பாள். அல்லது அண்டை வீட்டுப் பெரியவரின் வயதான ப்ளூடிக் (இன்னொரு கூன்ஹவுண்டு இனம்) நாய் தடத்தைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பாள். மூத்த நாயோடு ஓடுவதால் இளநாய் நிறையக் கற்கும். ஆனால் சிக்கலை அவிழ்க்கும் வேலையை அதனிடமே விட்டுவிடவும் பழகிவிடும். ஆகவே இந்த முறை பெரும்பாலும் தனியாகவே விட்டேன். அவள் என்னிடம் வந்தாலும் பேசாமல், கை காட்டாமல் நின்றுகொள்வேன்.

ஜனவரியில் அது பலித்தது. சாய்ந்து கிடந்த ஒரு செடார் மரத்தருகே அவளுடைய நீண்ட ஓலம் திடீரென்று நின்றது. காட்டுப்பாதையின் ஓரத்திலிருந்து எனக்கு அவள் தெளிவாகத் தெரிந்தாள். முதலில் மரத்தைச் சிறிதாக ஒரு சுற்றுச் சுற்றினாள்; பிறகு பெரிதாக ஒரு சுற்று. ஒன்றும் கிடைக்காமல் மரத்துக்கே திரும்பி, முன்னங்கால்களைத் தண்டின் மேல் ஊன்றி, பட்டையை அங்குலம் அங்குலமாக முகர்ந்தாள். மூக்கிலிருந்து வந்த ஆவி, தண்டின் மேல் படிந்திருந்த தூள்பனியைச் சிறு குழிகளாகக் கரைத்தது. அப்படியே மேலேறி, தண்டின் மீதே தடுமாறி நடந்து, வேர்ப்பக்கம் சென்று நின்றாள். வாலின் நுனி துடிக்கத் தொடங்கியது. பூனை அங்கிருந்து பக்கவாட்டில் வெகுதூரம் தாவியிருந்தது. தரையில் குதித்து அரை வட்டம் போட்டு அந்த அடியைக் கண்டுபிடித்தவுடன் மீண்டும் ஓலமிட்டு ஓடினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மரத்தடியில் குரல் மாறும். தடத்தில் நீளும் ஓலம், மரத்தில் துண்டு துண்டான விரைந்த குரைப்பாகிவிடும். அங்கேயும் பூனை ஏமாற்றக்கூடும்: தண்டில் சற்று ஏறி அப்பால் தாவிவிட்டால், நாய் வெறும் மரத்தைக் குரைத்துக்கொண்டிருக்கும். மருதி இப்போது குரைக்கத் தொடங்குமுன் மரத்தைச் சுற்றிவந்து, வெளியேறும் தடம் இல்லை என்று பார்த்துக்கொள்கிறாள். நான் சென்றடைந்ததும் முதலில் கிளைகளில் பூனையைத் தேடிக் கண்டுபிடிப்பேன். கண்ட பிறகே பாராட்டு. பிறகு அவளைக் கயிற்றில் கட்டி நன்றாகத் தள்ளி அழைத்துப் போய்விடுவேன்; பூனை இறங்கித் தன் வழியே போக அதற்கு இடம் வேண்டும்.

மிச்சிகனின் வடக்குப் பகுதியான மேல் தீபகற்பத்தில் நூற்றுக்கணக்கான ஓநாய்கள் இருப்பதாலும், தனியாகக் குரைத்து நிற்கும் நாயை அவை கொன்றுவிடக்கூடும் என்பதாலும், அதற்குத் தெற்கே உள்ள ஹுரான்–மானிஸ்டீ தேசிய வனத்தை ஒட்டிய பகுதிகளோடு நிறுத்திக்கொள்கிறேன். உருகி மீண்டும் உறைந்த பனியின் மேலோடு பாதத்தைக் கிழிக்கும். அப்படிப்பட்ட நாட்களில் வெளியே போவதில்லை.

விடியற்காலைத் தடத்தை இப்போது அவள் நம்பிக்கையோடு எடுக்கிறாள். முந்தைய மாலையில் பூனை நடந்துபோன தடத்தில் இன்னும் வேகம் குறைந்து, குரல் கொடுக்கத் தயங்குகிறாள். அத்தகைய பழைய தடங்களில் கயிற்றோடு சேர்ந்து நடந்து, வாசனை வலுக்கும் இடத்தில் அவிழ்த்துவிடும் முறையை அடுத்த பருவத்தில் தொடங்க இருக்கிறேன்.