‘ஏன்’ எழுதுவது ஒருவழியாகப் பிடிபட்டது

அன்றன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை இரவில் நோட்டில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். மூன்றையும் எழுதிவிடலாம். பக்கத்தில் ‘இது ஏன் நடந்தது’ என்று எழுத வரும்போதுதான் பேனா நின்றுவிடும். எனக்கு மாதக்கணக்கில் அப்படித்தான் நின்றது. இப்போது ஓடுகிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பலர் ‘ஏன்’ பகுதியையே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் மூன்று நல்லதைக் காரணத்தோடு சேர்த்துத்தான் எழுதச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்தும் எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியே இருந்தது. வாரம் முடிந்தும் தாங்களாகத் தொடர்ந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். கடையில் நான் புரட்டிப் பார்த்த நன்றி டைரிகளில் காரணம் எழுத ஒரு வரிகூட விடவில்லை. பாதிப் பக்கத்துக்குப் பூப்படம் போட்டு விலையையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சாதாரண கோடு போட்ட நோட்டே போதும்.

என் நோட்டில் அந்த இடத்தில் ‘கடவுள் புண்ணியம்’, ‘நல்ல நேரம்’ என்றே வந்துகொண்டிருந்தது. எல்லா நாளுக்கும் பொருந்துகிற பதில் என்பதால் எந்த நாளோடும் ஒட்டவில்லை. வழி கிடைத்தது ஆனந்தரங்கப் பிள்ளையிடமிருந்து. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதியவர். யார் வந்தார், என்ன சொன்னார், என்ன செய்தார் என்று எல்லாமே ஆளும் காரியமுமாக இருக்கும். அதையே விதியாக வைத்துக்கொண்டேன்: காரணத்தில் ஓர் ஆள் வேண்டும், அவர் செய்த ஒரு காரியம் வேண்டும்.

‘மழையில் நனையாமல் வந்தேன்.’ ஏன்? ‘காலையில் மனைவி குடையைப் பையில் வைத்தாள்.’ ‘அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் உட்கார இடம் கிடைத்தது.’ ஏன்? ‘பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.’ அலைச்சலான அந்த நாளில் இந்த ஒரு வரிதான் என்னைத் தூங்க வைத்தது. ஆள் சட்டென்று கிடைக்காவிட்டால் ‘அதுக்கு முன்னால?’ என்று இரண்டு தடவை கேட்டுப் பாருங்கள். மூன்றாவது தடவை வேண்டாம், தத்துவத்துக்குள் இழுத்துவிடும். அந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம். ‘நேற்றே பெட்ரோல் போட்டுவிட்டேன், அதனால் இன்று பதற்றமில்லை’ என்று எழுதத் தயங்காதீர்கள். நடந்ததைத்தானே எழுதுகிறோம்.

பேனா பற்றி ஒரு வார்த்தை. என்னுடையது திருவள்ளூர் ரங்கா எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா, பிரில் ராயல் ப்ளூ மை. கையால் கடைந்த பேனா, பிடி பருமனாக இருப்பதால் கை தானாக நிதானப்படுகிறது. மெல்லிய தாளில் மை மறுபக்கம் ஊறும். ஆகவே நோட்டு வாங்கும்போது தாளை விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். என் தெருமுனை ஸ்டேஷனரிக் கடைக்காரர் ஒரு துளி மை விட்டுப் பார்க்கவே விடுகிறார், அவரைத் தவிர வேறெங்கும் வாங்குவதில்லை.

ஆள் பெயர் எழுதத் தொடங்கியபின் ஒன்று கண்ணில் பட்டது. கும்பகோணம் சித்தியின் பெயர் அடிக்கடி வருகிறது. போன் செய்து ஞாபகப்படுத்தியது, மாத்திரை பெயர் சொன்னது, ஊறுகாய் கொடுத்தனுப்பியது எல்லாம் அவர்தான். செலிக்மன் ஆய்விலேயே இன்னொரு பயிற்சி உண்டு: சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது. அதன் பலன் உடனே பெரிதாக வரும், ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது என்று முடிவுகள் சொல்கின்றன. ஒரு மாதம் நின்றாலும் எனக்குப் போதும். மூன்று நல்லது இன்னும் முழுதாகக் கைவரவில்லை, காரணம் வராத இரவுகள் இருக்கின்றன. இருந்தாலும் கடிதத்தைத் தொடங்கிவிட்டேன். போனில் விஷயத்தைச் சொல்லாமல் ஞாயிறு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். “வாடா, காலைலயே வா, சாப்பிட்டுட்டு வந்துராத” என்றார்.