பூம்பாறையில டவர் கெடைக்கல

டிசம்பர் 26, வெள்ளி

கெளம்புறப்போ மணி எந்திரிக்கவே இல்ல. வாலை மட்டும் ரெண்டு தடவ தரையில தட்டுனான், அவ்வளவுதான். எதிர்வீட்டு அக்கா "நீ போடி, நான் பாத்துக்கிறேன்"னாங்க. நானும் சாவி குடுத்தேன், மாத்திரை குடுத்தேன், தயிர்சோத்துல எத்தன மணிக்கு கலந்து வைக்கணும்னு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுனேன், அப்பறம் வாடிப்பட்டி தாண்டுனதும்தான் ஒரைச்சது, ஒட்டுன ஃப்ரிட்ஜ் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ், அவன் இருக்கறது அக்கா வீட்டுல.

வத்தலகுண்டுல இருந்து ஃபோன் போட்டு சொல்லிட்டேன். இவர் ஒண்ணும் சொல்லல. சொல்லாம இருந்ததுதான் சொன்ன மாதிரி இருந்துச்சு.

மேல செக்போஸ்ட்ல இ-பாஸ் கேட்டாங்க, பயல் மொபைல்லயே வச்சிருந்தான். தண்ணி பாட்டில் ரெண்டு மாட்டிருச்சு, அஞ்சு லிட்டருக்குக் கொறஞ்ச பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ஒண்ணுக்கு 20 ரூபா. நியாயமான காசுதான், கட்டும்போது எரிச்சலும் வரத்தான் செஞ்சுச்சு.

கொடைக்கானல்ல நிக்கவே இல்ல. லேக்கை சுத்தி ஒரே வண்டி, அங்கிட்டும் போக முடியல இங்கிட்டும் போக முடியல. அதத் தாண்டி இருவது கிலோமீட்டர் கிட்ட வந்தா பூம்பாறை. இங்க ஆளே வேற, காத்தே வேற. டவர் மட்டும் இல்ல.

டிசம்பர் 27, சனி

காலைல கார் கண்ணாடி மேல உறைபனி. பயல் நகத்தால அதுல "மணி"ன்னு எழுதுனான். வெயில் பட்டதும் ஒழுகிருச்சு. எனக்கு அது பிடிக்கல. அவன்கிட்ட சொல்லல.

டவர் கெடைக்கிற எடம் கண்டுபிடிச்சாச்சு. கோயிலுக்குப் போற திருப்பத்துல ஒரு கல்லு மேல ஏறி நின்னா ஒரு புள்ளி வருது. அக்கா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு எறங்குச்சு: "ராத்திரி கொஞ்சம் சாப்ட்டான்டி." கொஞ்சம்னா எவ்வளவு?

அப்டியே குழந்தை வேலப்பரையும் பாத்துட்டு வந்தோம். போகர் செஞ்ச நவபாஷாண சிலைன்னு சொல்றாங்க, பழனி மாதிரியே. ஏன் குழந்தை வேலப்பர்னு பயல் கேட்டதுக்கு அங்க இருந்த பெரியவர் கதை சொன்னார். அருணகிரிநாதர் இங்க படுத்துத் தூங்குனப்போ ஒரு ராட்சசி கொல்ல வந்தாளாம், முருகன் சின்னப் பிள்ளையா வந்து அவர் மேல படுத்துக்கிட்டானாம். ஏதோ தாயும் பிள்ளையும் தூங்குதுன்னு அவ விட்டுட்டுப் போயிட்டாளாம். பக்கத்துல ஒருத்தர் படுத்துக்கிட்டா போதும்கிற கதை. நேத்து ராத்திரி மணி யார் பக்கத்துல படுத்தானோ.

டிசம்பர் 28, ஞாயிறு

பேரிஜம் போகணும்னு விடியக்காலைல எந்திரிச்சு போனா யானை நடமாட்டமாம், விடல. திரும்பிட்டோம். பயல் மூஞ்சி தூக்கிட்டான்.

வர்ற வழியில காட்டுமாடு ஒண்ணு, ரோட்டோரமா வாட்டில் மரத்துக்குள்ள நின்னு மென்னுக்கிட்டு இருந்துச்சு. அந்த ஒடம்பு என்னமோ கருங்கல்லுல செஞ்ச மாதிரி, காலு மட்டும் முழங்காலுக்குக் கீழ வெள்ளை சாக்ஸ் போட்டாப்ல. இவர் இஞ்சினை நிப்பாட்டிட்டார். மூச்சு விடுறப்போ மூக்குல இருந்து பொகை வர்றது தெரிஞ்சுது. பயல் கோவம் போச்சு.

சாயங்காலம் தங்கியிருக்கற வீட்டுக்காரம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டாங்க. அண்ணாந்து பாத்தா பரண் பூரா பூண்டு, தாளோட கத்தை கத்தையா கட்டித் தொங்குது. அடுப்புப் பொகை பட்டுப் பட்டு தோலு பழுப்பேறிக் கெடக்கு. பொகையில இருந்தாத்தான் கெடாதாம், வெதைக்கும் அதான். ஒரு பல்லை உரிச்சு கையில வச்சாங்க. சின்னதுதான், ஆனா கடிச்சதும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இந்த மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சுதுல்ல, அதச் சொன்னேன். "அதெல்லாம் சரித்தான், சந்தையில வெல ஏறணும்ல"ன்னாங்க.

நாலு கிலோ சொல்லிருக்கேன். நாளான்னைக்கு வைகுண்ட ஏகாதசி, பூண்டு கைல தொடக்கூடாதுன்னு அத்தை கெளம்புறப்பவே சொல்லி விட்டாங்க. தொடாம கார்லயே வச்சுக்கறேன்.

கல்லு மேல ஏறுனேன். ஒண்ணும் எறங்கல.

டிசம்பர் 29, திங்கள்

மன்னவனூர். இதுக்காகத்தான் வந்தோம்னு பயல் சொல்றான், சரிதான். புல்வெளி கண்ணுக்கெட்டுன தூரம் மடிஞ்சு மடிஞ்சு போகுது, நடுவுல ஏரி. பரிசல்ல ஏறுனோம். நடு ஏரியில பரிசல்காரர் பிடிங்கன்னு சொல்லிட்டு சுத்தி விட்டுட்டார். இவர் கத்துன கத்து கரை வரைக்கும் கேட்டுருக்கும். கல்யாணமாகி பதினாறு வருசத்துல இவர் இப்டி கத்தி நான் கேட்டதில்ல. ஆட்டுப்பண்ணையில பாரத் மெரினோ ஆடு, ஒடம்பு பூரா கம்பளி, கண்ணு மட்டும் தெரியுது. முயலும் இருக்கு. அப்பறம் நடந்தோம், சும்மா, எங்கன்னு இல்லாம, ரெண்டு மணி நேரம், யாரும் யாருகூடயும் பேசல, நல்லா இருந்துச்சு, அந்த ரெண்டு மணி நேரமும் நான் அவன நெனைக்கல, நெனைக்கலங்கிறது ஞாபகம் வந்ததும் வயித்தக் கலக்கிருச்சு.

கூட வந்த தம்பி ஒரு சரிவக் காட்டி, அந்தப் புதரெல்லாம் குறிஞ்சிக்கான்னார். பச்சையா நிக்குது, பூவுன்னு ஒண்ணும் இல்ல. 2018ல பூத்தது, அடுத்து 2030. அந்த வருசம் பாக்கணும்னு ரூம் வரைக்கும் போட்டோம். மணிக்கு காய்ச்சல், கேன்சல் பண்ணிட்டோம். பன்னண்டு வருசம் கழிச்சு பாத்துக்கலாம்னு இவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். மணிக்கு இப்பவே பதிமூணு.

கல்லு. ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்திக்கிட்டே இருக்கு, எறங்க மாட்டேங்குது. கை மரத்துப் போற வரைக்கும் நின்னேன். இவர் வந்து கம்பளியப் போத்தி கூட்டிட்டுப் போனார்.

டிசம்பர் 30, செவ்வாய்

கூக்கால் போகல. நான்தான் வேணாம்னேன். பயல் ஒரு வார்த்த கேக்கல, அவனே பைய எடுத்து கார்ல வச்சான்.

வத்தலகுண்டு. டீக்கு நிப்பாட்டிருக்கோம். கார் பூரா பூண்டு வாசம். டவர் முழுசா இருக்கு. அக்காகிட்ட இருந்து ஆறு மெசேஜ். இவர் காசு குடுத்துட்டு வரட்டும்.