கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே

தீவிர சிகிச்சைப் பிரிவில் மிகக் கடினமான இடம் அதன் வாசல்தான். உள்ளே இருக்கும்வரை கைகளுக்கு வேலை இருக்கும். வெளியே வந்ததும் உறவினர்கள் எழுந்து நிற்பார்கள். "அம்மாவுக்கு எப்படி இருக்கிறது, சிஸ்டர்?" பதிலைத் தாமதித்தால், அந்தத் தாமதத்தையே பதிலாக எடுத்துக்கொள்வார்கள்.

பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கும் எனக்கு, அந்த வாசலில் நிற்கக் கற்றுக்கொடுத்தது வேதாகமத்தில் உள்ள நெகேமியா புத்தகத்தின் 2-ஆம் அதிகாரம்.

நெகேமியா போதகரோ ஆசாரியரோ இல்லை. பாரசீக அரசன் அர்தசஷ்டாவுக்குத் திராட்சரசம் பரிமாறும் பானபாத்திரக்காரர். எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு அவர் அழுதது கிஸ்லேயு மாதத்தில். அவருடைய முகவாட்டத்தைக் கண்டு அரசன் காரணம் விசாரித்தது ஏறக்குறைய 4 மாதம் கழித்து, நிசான் மாதத்தில். "மிகவும் பயந்தேன்" என்று அவரே எழுதுகிறார். பயப்படக் காரணம் இருந்தது. எஸ்றா 4-ஆம் அதிகாரத்தின்படி, அந்த நகரத்தைக் கட்டும் வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியதும் அர்தசஷ்டாதான்.

"நீ கேட்கிற காரியம் என்ன?" என்கிறான் அரசன். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டு, அந்த நகரத்தைக் கட்டத் தன்னை அனுப்பும்படி அரசனிடம் கேட்கிறார். என்ன ஜெபித்தார் என்று எழுதப்படவில்லை. முழங்கால்படியிட நேரம் கிடைத்திருக்காது. கண்களைக்கூட மூடியிருக்க மாட்டார்.

அந்த ஒரு நொடிக்குப் பின்னால் ஏறக்குறைய 4 மாதக் காத்திருப்பும், அதில் உபவாசமும் கண்ணீரும் இருந்தன என்பதை நான் மெதுவாகத்தான் கவனித்தேன். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவரிடம் அவர் இன்னும் ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். காலையில் வேதத்தைத் திறந்து ஆண்டவரோடு அமர்ந்துவிட்டு வேலைக்கு வரும் நாட்களில், வாசலில் என் மனம் அவரைத் தேடி அலைவதில்லை. அப்படி அமராத நாட்களில் "ஆண்டவரே" என்ற சொல் வருகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி என் பதற்றம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெபித்துவிட்டோம், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று கைகட்டி நிற்பதை விசுவாசம் என்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. அரசன் சம்மதித்த உடனே நெகேமியா வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதங்கள் கேட்கிறார். மரம் கொடுக்கும்படி வனக்காவலன் ஆசாப்புக்கும் ஒரு கடிதம் கேட்கிறார். எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்குக் காலம் குறித்துச் சொல்கிறார். 4 மாதங்களில் ஜெபத்தோடு கணக்கும் போட்டிருக்கிறார்! பிற்பாடு எதிரிகள் மிரட்டியபோதும் ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். நோயாளியின் பதிவேட்டைப் படிக்காமல் வாசலுக்குப் போய் ஜெபத்தை நம்பி நிற்பதை நான் பக்தி என்று சொல்ல மாட்டேன்.

ஓர் இரவு, ஓர் இளைஞர் "உண்மையைச் சொல்லுங்கள் சிஸ்டர், அப்பா பிழைப்பாரா?" என்று கேட்டார். ஒரு மூச்சு இழுக்கும் நேரம் உள்ளுக்குள் ஜெபித்தேன். "நிலைமை மோசமாகத்தான் இருக்கிறது. டாக்டர் வந்து உங்களிடம் பேசுவார். அதுவரை நான் உங்கள் பக்கத்தில் இருக்கிறேன்" என்றேன். விடிவதற்குள் அவருடைய தந்தை இறந்துவிட்டார்.

நெகேமியாவுக்கு அரசன் இசைந்தான். நாங்கள் கேட்பது பல இரவுகளில் கிடைப்பதில்லை. அதை அழகான வசனம் ஒன்றால் மூடிவிட எனக்கு மனமில்லை. ஆண்டவரிடமே கேட்கிறேன், சில நாட்கள் கோபத்தோடும் கேட்கிறேன். ஆனாலும் அந்த இரவில் பொய்யும் கொடுமையும் கலவாத வார்த்தைகள் என் வாயில் வந்தன. அவை என்னிடமிருந்து மட்டும் வந்தவை என்று நான் நம்பவில்லை.

எங்களோடு புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "கையுறையோடு, கண் திறந்தபடி, ஓடிக்கொண்டே சொல்வதும் ஜெபமா அக்கா?" என்று கேட்டாள். நெகேமியாவின் கடைசி அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கச் சொன்னேன். அலங்கம் 52 நாட்களில் கட்டி முடிந்துவிட்டது. ஆனால் அவர் அரசனிடம் போய்த் திரும்பி வருவதற்குள் ஆலயத்தின் அறையொன்று அந்த எதிரிகளில் ஒருவனான தொபியாவுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஓய்வுநாளில் வியாபாரம் நடக்கிறது. ஒவ்வொன்றையும் சரிசெய்துகொண்டே, இடையிடையே "என் தேவனே, என்னை நினைத்தருளும்" என்கிறார் நெகேமியா. வேலையை நிறுத்தியதாக எங்கேயும் இல்லை.