ரெஜிஸ்டரில் நல்லா இருந்த மாஸ்க்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைட் டியூட்டி பார்க்கும் ஸ்டாஃப் நர்சுகளுக்காக எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

பிரசவம் சிக்கலில்லாமல் முடிந்தது. நிறைமாதக் குழந்தை, ஆனால் அழவில்லை. கை கால் துவண்டு கிடந்தது. துடைத்து முதுகைத் தேய்த்தும் மூச்சு வரவில்லை. கொடியை வெட்டி, குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரில் கிடத்தி, தோளுக்கடியில் துணியை மடித்து வைத்து ஆம்பு பேக்கை (மாஸ்க் வழியாகக் காற்று கொடுக்கும் பை) அமுக்கினால் நெஞ்சு ஏறவே இல்லை. கன்னத்தோரமாகப் புஸ்ஸென்று காற்று போகிறது. பார்த்தால் மாஸ்க் விளிம்பில் விரிசல்!

மாற்று மாஸ்க் ஸ்டோர் அலமாரியில். சாவி, டியூட்டி முடித்துப் போன அக்காவின் கைப்பையில். ட்ரேயில் இருந்த இன்னொன்று சைஸ் 0, குறைமாதக் குழந்தைக்கானது. மூக்கை மூடினால் வாய் மூடவில்லை. முதல் 1 நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்க ஆரம்பிக்கணும் என்று பயிற்சியில் தலைபாடாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதில் சாவிக்கு எங்கே போவது?

இரண்டு கையாலும் அதே மாஸ்க்கை முகத்தோடு அணைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்தேன். ஆயாம்மாவிடம் பேக்கைக் கொடுத்து, "அமுக்கு, ரெண்டு, மூணு" என்று எண்ணச் சொன்னேன். அந்தத் தாளத்தில் போனால் நிமிடத்துக்கு 40 முதல் 60 வரும். நெஞ்சு ஏறியது! வாசலில் பாட்டி, "தலைகீழாப் புடிச்சு ரெண்டு தட்டு தட்டும்மா" என்று கத்திக்கொண்டிருந்தார். யார் சொன்னாலும் அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஸ்டெத் வைத்து 6 விநாடி எண்ணி 10-ஆல் பெருக்கினேன். துடிப்பு 100-ஐத் தாண்டியிருந்தது. நெஞ்சை அழுத்தும் வேலையே வரவில்லை. நெஞ்சு நன்றாக ஏறும்படி 30 விநாடி காற்று கொடுத்தும் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால்தான் அது. கொஞ்ச நேரத்தில் ஒரு முனகல், பிறகு வீறிட்டு அழுகை. ஆயாம்மாவும் சேர்ந்து அழுதார். 108-இல் எஸ்.என்.சி.யூ.வுக்கு (பச்சிளங்குழந்தை சிறப்புப் பராமரிப்புப் பிரிவு) அனுப்பினோம், குழந்தை நலம்.

டியூட்டி ஏறியதும் மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்தி வைத்து பேக்கை அமுக்கிப் பாருங்கள். கையில் அழுத்தம் தெரியணும், வால்வ் திறக்கணும். சைஸ் 0, சைஸ் 1 இரண்டும் வார்மர் பக்கத்திலேயே இருக்கட்டும், பூட்டுக்குள் வேண்டாம்.

புது மாஸ்க் கேட்டு ஸ்டோருக்கு இன்டென்ட் (கேட்புச் சீட்டு) போட்டேன். "ரெஜிஸ்டர்ல நல்லா இருக்குன்னு டிக் போட்டிருக்கே, சிஸ்டர்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிழிந்ததை இன்டென்ட் தாளோடு சேர்த்து பின் அடித்து மறுபடி அனுப்பியிருக்கிறேன்.